இடது கை பிரேக்

அந்தச் சிவப்புச் சட்டைக்காரன் எழுந்து போய்விட்டால் ரோட்டைத் தாண்டிவிடலாம் என்று புதுச் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றாள் வளர்மதி. முதலில் ஒரு பெரியவர் காற்றடித்துக்கொண்டு நின்றார், அவர் போகட்டும் என்று நின்றாள். அவர் போகிற நேரம் பார்த்து இவன் வந்து சைக்கிள் கடை பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்து பக்கத்துக் கடைக்கு டீ சொல்லிவிட்டான். டீ சொன்னவன் குடிக்காமல் போவானா, குடித்தவன்தான் உடனே எழுந்துவிடுவானா. கடைக்காரர் ரத்தினசாமி அண்ணன் மட்டும் தனியாக இருந்தால் சொல்லிவிடலாம். ஒருத்தர் முன்னால் பேசுவதென்றாலே அவளுக்குப் பாதிதான் வாயில் வரும், இரண்டு பேர் என்றால் பேச வந்ததே மறந்துபோகும். புங்க மரத்து நிழல் அவளை விட்டு நகர்ந்து போய்விட்டது, வெயில் மட்கார்டில் பட்டுக் கண்ணில் அடித்தது. மகள் ரித்திகா அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இன்று பால்வாடியிலிருந்து அவளைக் கேரியரில் ஏற்றாமல் நடத்தியே கூட்டி வந்திருந்தாள், ஏன் என்று பிள்ளை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எதற்கெடுத்தாலும் ஏன் ஏன் என்று உயிரை வாங்குகிற பிள்ளை நேற்றிலிருந்து ஒன்றும் கேட்கவில்லை.

சொல்ல வேண்டியது ஒரே ஒரு பேச்சுதான். அண்ணா, இடது கை பிரேக்கு சில நேரம் புடிக்க மாட்டேங்குதுங்க, என்னன்னு பாருங்க. காலையிலிருந்து தேங்காய்க் களத்தில் காயப்போட்ட கொப்பரைப் பருப்பைக் கிளறிவிட்டுக்கொண்டே இதைத்தான் வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தாள். சில நேரம் என்று சொன்னால், எந்த நேரம் என்று கேட்பார். இறக்கத்திலே என்று சொல்ல வேண்டும். எந்த இறக்கம் என்பார். வாய்க்கால் மேட்டு இறக்கம் என்றால், அங்கே விழுந்து வைத்தாயா என்பார். அங்கிருந்து பிள்ளையின் முழங்காலுக்கு வந்துவிடுவார், முழங்காலில் இருந்து நேராகத் தங்கராசுக்குப் போய்விடும். ரத்தினசாமியும் அவள் புருஷன் தங்கராசும் ஒன்றாகப் படித்தவர்கள். கொச்சிக்கு அரிசி லோடு கொண்டுபோன லாரி இன்று பொழுது சாய இந்த முக்கில்தான் அவனை இறக்கிவிடும். இறங்கியதும் வீட்டுக்கா வருவான், இந்த பெஞ்சில் உட்கார்ந்து ஒரு டீ குடித்துவிட்டுத்தான் வருவான். அப்படியென்றால் சில நேரம் என்பதை விட்டுவிட்டால் என்ன. பிரேக்கு புடிக்க மாட்டேங்குதுங்க. அது பொய். பிடிக்கிறது. காலையில் களத்துக்குப் போகும்போது பிடித்தது, இப்போது இங்கே நின்று அமுக்கினாலும் பிடிக்கிறது. நல்ல பிரேக்கைப் பிடிக்கவில்லை என்று சொல்லி நின்றால் கிறுக்கி என்பார்கள். இரண்டு சொல்லைப் பிடித்துக்கொண்டு அவள் மனசு களத்து மாடு மாதிரி சுற்றிச் சுற்றி வந்தது.

டிக் என்று ஒரு சத்தம் வந்தது நேற்று. பெரிய சத்தம் ஒன்றும் இல்லை, கம்மல் திருகாணி கழன்று தரையில் விழுகிற மாதிரி. வாய்க்கால் பாலத்தில் ஏறி மறுபக்கம் இறங்கும்போது கீழே தண்ணி டேங்கர் ஒன்று குறுக்கே திரும்பிக்கொண்டிருந்தது. அவள் அமுக்கினாள். முதலில் பிடித்தது. இன்னும் இறுக்கி அமுக்கினாள், டிக் என்றது, பிரேக் பிடி தானாக வந்து கைப்பிடியோடு ஒட்டிக்கொண்டது. கன்றுக்குட்டி அறுத்துக்கொண்டு ஓடிய பின்னால் கையில் வெறும் கயிறு நிற்குமே, அந்த மாதிரி. சைக்கிள் போய்க்கொண்டிருந்தது. வலது கைப் பிரேக்கை, அந்த முன் சக்கரத்துப் பிரேக்கை, அமுக்கியிருக்கலாம். ஆனால் களத்தில் அவளுக்குச் சைக்கிள் பழக்கிவிட்ட சரசக்கா, முன் பிரேக்கைத் தொட்டயின்னா குப்புற அடிச்சு விழுவே என்று சொல்லிச் சொல்லி வலது கை அதை அறியவே அறியாது. குதித்தாள். குதித்து, காலை மண்ணில் இழுத்து, இரண்டு கையாலும் சைக்கிளை இறுக்கிப் பிடித்தாள். சைக்கிள் விழவில்லை. சைக்கிளுக்கு ஒரு கீறல்கூட இல்லை. அது ஒரு பக்கம் சாய்ந்து நின்றபோது பின்னால் கேரியரில் இருந்த ரித்திகா வழுக்கி ஜல்லியில் போய் விழுந்தாள். முழங்கால் தேய்ந்தது, தாடையில் சிராய்ப்பு. அழக்கூட இல்லை. எழுந்து பாவாடையைத் தட்டிக்கொண்டு வந்து, வண்டிக்கு அடிபட்டுச்சாம்மா என்று கேட்டாள்.

அதைக் கேட்டதற்குப் பிறகு வளர்மதிக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை. ஒரு கையை விட்டுப் பின்னால் பிள்ளையைப் பிடித்திருக்க முடியாதா. முடியாது, ஒரு கையை விட்டால் சைக்கிள் விழும். விழுந்தால் விழட்டுமே. விழுந்தால் பிள்ளை மேலேயே விழும். அதற்காகத்தானே பிடித்தேன். அதற்காகவா பிடித்தாய். டேங்கர் டிரைவர் தலையை நீட்டி என்னமோ கத்தினான், அவனுக்குத் தெரியும் எதைப் பிடித்தாள் என்று. பிள்ளைக்கும் தெரிந்துவிட்டது. அப்புறம் அவள் செய்தது அதைவிட மோசம். வாய்க்காலில் முழங்காலைக் கழுவிவிட்டு, பால்வாடியில வெளையாடும்போது விழுந்துட்டேன்னு அப்பாகிட்டச் சொல்லோணும், என்ன கண்ணு, என்றாள். ரித்திகா தலையாட்டினாள். பெரிய மனுஷி போலத் தலையாட்டினாள்.

இதற்குள் இன்னொரு பயமும் முள் மாதிரி கிடந்தது, எண்ணெய். சைக்கிள் வீட்டுக்கு வந்த அன்று பொட்டு வைத்து, எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி இறக்கி, அதோடு விட்டிருக்கலாம். களத்துப் பழக்கம் விடவில்லை. அங்கே புதுசாக எது வந்தாலும், தேங்காய் உடைக்கிற கத்தியானாலும் கதவுக் கீல் ஆனாலும், ஒரு பருப்புத் துண்டை எடுத்து நாலு தேய் தேய்த்து மினுக்கிவிட்டால்தான் சரசக்காவுக்கும் மற்றவர்களுக்கும் மனசு ஆறும். வெடித்த குதிகாலுக்கும் அதுதான், சேலையில் ஒட்டின பிசினுக்கும் அதுதான். வளர்மதியும் நல்லதாக ஒரு துண்டைப் பொறுக்கி வந்து கைப்பிடி, மட்கார்டு, கம்பி, சக்கரத்து விளிம்பு என்று ஒன்று விடாமல் பிள்ளைக்கு எண்ணெய் வைக்கிற மாதிரி தேய்த்துவிட்டாள். என்ன ஒரு மினுமினுப்பு. பிரேக்குக் கட்டை அந்த விளிம்பைத்தான் கவ்வ வேண்டும் என்று அப்போது தெரியாது. களத்திலே பழகியவளுக்கு எப்படித் தெரியும், சாயங்காலம் பருப்பை அள்ளிக் குமித்த பின்னால் கிடக்கிற சிமெண்டுத் தரை கண்ணுக்கெட்டின மட்டும் சமமாக இருக்கும், மேடு ஏது பள்ளம் ஏது, மிதிக்கிறதை விட்டால் வண்டி தானாக நின்றுவிடும். பிரேக்கே வேண்டியிருக்கவில்லை. நேற்று ராத்திரி துணி சோப்பைப் போட்டு விளிம்பை நாலு தடவை தேய்த்துக் கழுவினாள். எண்ணெய் போயிருக்குமா. எண்ணெய்தான் காரணம் என்றால் டிக் என்று ஏன் கேட்டது. டிக் என்று கேட்டதா, இல்லை தப்பெல்லாம் தன்மேல் வந்துவிடக் கூடாதென்று இப்போது அவளாகவே கேட்டுக்கொள்கிறாளா.

பேசாமல் திரும்பிவிடலாம். திரும்பினால் திங்கள்கிழமை பிள்ளை மறுபடியும் அந்தக் கேரியரில் உட்காருவாள். பிள்ளையை ஏற்றாமல், தான் மட்டும் ஓட்டினால்? பால்வாடி ஒரு திசை, களம் ஒரு திசை, நடந்துபோய் விட்டுவிட்டு வந்தால் வேலைக்கு நேரமாகிவிடும், மேஸ்திரி மூஞ்சியைக் காட்டுவார். அதுகூடப் போகட்டும். சைக்கிள் வந்ததில் அவளுக்கு இருந்த சந்தோஷத்தை யாரிடமும் சொன்னதில்லை, சொன்னால் சிரிப்பார்கள். நடந்து போனால் ஆளாளுக்கு நிறுத்துவார்கள். எங்க போற, உங்க மாமியா எப்படி இருக்கறா, ரெண்டாவதுக்கு விசேஷம் ஒண்ணுமில்லையா. நின்று, சேலைத் தலைப்பைத் திருகி, சிரித்து மழுப்பி, காது சூடாகி. சைக்கிளில் போனால் ஒரு மணியை அடித்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். அவர்கள் வாயைத் திறக்கும் முன்னால் புளியமரம் தாண்டிவிடும். ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை நிறுத்தினவள் அவள். பதினொன்றாவதுக்குப் போன பிள்ளைகள் எல்லாம் இலவச சைக்கிளில் கும்பலாகப் போவதை வேலிக்குள் நின்று பார்த்தபோது, அவர்கள் படிப்பைப் பார்த்து அவளுக்கு ஏக்கம் வரவில்லை, அந்தப் போக்கைப் பார்த்துத்தான் வந்தது. தங்கராசு ரத்தினசாமி கடையிலேயே வாங்கிக் கொடுத்தான். கொடுக்கும்போது, புள்ளையை எங்கியாச்சும் கீழ போட்டுட்டு வந்து நின்னீன்னா அன்னிக்கே வண்டிய வித்துப்போடுவேன் பாத்துக்க என்று சொல்லிச் சிரித்தான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனால் அவன் சிரித்துக்கொண்டு சொன்னதைச் செய்யாமல் விட்டது எப்போது. அவன் அம்மா வளர்த்த ஆட்டை விற்றதும் சிரித்துக்கொண்டுதான்.

“அம்மா, தண்ணி” என்றாள் ரித்திகா. தண்ணீர்ப் பானை சைக்கிள் கடை வாசலில்தான் இருந்தது. சிவப்புச் சட்டைக்காரன் டீ கிளாசை வைத்துவிட்டு மறுபடியும் காலை நீட்டினான். அதற்குள் ரத்தினசாமி நிமிர்ந்து ரோட்டைப் பார்த்துவிட்டார். “யாரு, தங்கராசு சம்சாரமா? வெயில்ல எதுக்கு நிக்கற அம்முணி, இங்க வா.” இனி எங்கே திரும்புவது. ரோடு அவளுக்குக் கீழே தானாக நகர்ந்த மாதிரி இருந்தது, கடை வாசலில் நின்றாள். பிள்ளைக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்தாள். பாதித் தண்ணீர் பாவாடையில் போனது. “என்ன, அதுக்குள்ள பஞ்சரா?” என்றார். அவள் இல்லை என்று தலையாட்டினாள். காலையிலிருந்து சேர்த்துச் சேர்த்து வைத்த பேச்சில் வெளியே வந்தது “பிரேக்கு” என்ற ஒன்றுதான்.

“புது வண்டியும் புது மாப்பிள்ளையும் ஒண்ணுங்ணா” என்றான் சிவப்புச் சட்டைக்காரன். “ஒரு மாசத்துக்கு முறுக்கிக்கிட்டுத்தான் திரியும்.” ரத்தினசாமி சைக்கிளை வாங்கி ஸ்டாண்டு போட்டு, பின் சக்கரத்தைச் சுற்றிவிட்டு, இரண்டு விரலால் இடது பிடியை அமுக்கினார். சக்கரம் நின்றது. மறுபடி சுற்றினார், மறுபடி நின்றது. “புடிக்குதே.” வளர்மதிக்கு முதுகில் வியர்த்தது. அவர் கட்டைவிரலைச் சக்கரத்து விளிம்பில் ஓட்டி, மூக்கருகில் கொண்டுபோனார். முகம் மாறியது, சிரிப்பாக. “ஏ அம்முணி, என்ன வண்டியத் தாளிச்சு வச்சிருக்கற? பிரேக்கு புடிக்கோணும்னா ரிம்மு வறவறன்னு இருக்கோணும். நீ தேங்காயெண்ணெய் வச்சுச் சீவி உட்டிருக்கறயே!” பெஞ்சிலிருந்தவன் தொடையைத் தட்டினான். “பூ மட்டுந்தான் வெக்கலீங்ணா.” பக்கத்து டீக்கடையிலும் யாரோ சிரித்தார்கள். அவள் கால் கட்டைவிரல் தரையைக் கீறிக்கொண்டிருந்தது. ரத்தினசாமி மண்ணெண்ணெய்த் துணியை எடுத்து விளிம்பைச் சுற்றித் துடைத்தார். “அவ்வளவுதான். இனி நிக்கும், போ. இந்த வேலைய இன்னொருக்கா பண்ணிப்போடாத.”

அவ்வளவுதான். சிரித்துவிட்டார்கள், முடிந்தது. சிரிப்பு காதில் சுட்டாலும் உள்ளே ஏதோ குளிர்ந்ததை அவள் உணர்ந்தாள். எண்ணெய்தான். பொருளில் பழுதில்லை, அவள் புத்தியில்தான் பழுது. அது பழக்கமான விஷயம், அதைச் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போய்விடலாம். இறக்கத்தைப் பற்றிப் பேச வேண்டாம், முழங்காலைப் பற்றிப் பேச வேண்டாம், தங்கராசு வந்தால் உன் சம்சாரம் வண்டிக்கு எண்ணெய் வச்சுதுடா என்று இவர் சொல்லுவார், அவனும் சிரிப்பான், ஒரு வாரம் கேலி பேசுவான், சைக்கிள் வீட்டில் இருக்கும். ஸ்டாண்டை எடுத்துச் சைக்கிளைத் திருப்பினாள். திருப்பும்போது இடது கை தானாகப் போய் அந்தப் பிடியைத் தொட்டது. தொட்டதும் கைக்கு ஞாபகம் வந்துவிட்டது. எண்ணெய் என்றால் பிடி விறைப்பாக இருந்து சக்கரம்தானே வழுக்க வேண்டும். நேற்று பிடியே அல்லவா செத்துப்போனது. வெறுங்கயிறு. வேண்டாம் என்றாள் மனசுக்குள், போய்விடு, சிரித்து முடித்துவிட்டார்கள். கை விடவில்லை. ரித்திகா தண்ணீர் ஒழுகின வாயைத் துடைத்துக்கொண்டு, அம்மா ஏறச் சொன்னால் ஏறுவதற்குத் தயாராகக் கேரியருக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டிருந்தாள்.

“அது இல்லீங்ணா” என்றாள் வளர்மதி. குரல் யாருடையதோ போல இருந்தது. “கெட்டியாப் புடிச்சுப் பாருங்க.” புடிச்சுத்தானே பாத்தேன் என்றார் அவர். “அப்படி இல்லீங்க.” பிடியை அவர் பக்கம் திருப்பினாள். “புள்ள விழுகும்போது புடிக்கற மாதிரி புடிங்க.”

சிவப்புச் சட்டைக்காரன் காலை மடக்கி உட்கார்ந்தான். ரத்தினசாமி அவளைப் பார்த்தார், பிறகு பிள்ளையின் தாடையைப் பார்த்தார், முழங்காலைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் வந்து ஐந்து விரலாலும் இடது பிடியை இறுக்கினார். பிடித்தது. கை நரம்பு புடைக்க இன்னும் இறுக்கினார். டிக். பிடி கைப்பிடியோடு படுத்துக்கொண்டது. விட்டார், ஒன்றுமே நடக்காத மாதிரி அது தன் இடத்துக்குப் போய் நின்றது. மறுபடி இறுக்கினார், டிக். அவள் நேற்றுக் கேட்ட அதே சத்தம். கேட்டதும் நிம்மதி வரும் என்று வளர்மதி நினைத்திருந்தாள், வரவில்லை. அவர் பிடியைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். கம்பியின் நுனியில் இருக்கும் சின்ன ஈயக் குண்டு உட்காருகிற குழியில் மயிரிழை போல ஒரு விரிசல். மெதுவாக இழுத்தால் குண்டு உட்கார்ந்திருக்கிறது, முழுப் பலத்தையும் போட்டு இழுத்தால் விரிசல் வாயைத் திறந்து அதை விட்டுவிடுகிறது. “வரும்போதே இப்படித்தான் வந்திருக்குது. நானும் பாக்காம மாட்டி உட்டுட்டேன்” என்றார் குனிந்தபடி. “நேத்தே வந்து சொல்லீருக்கலாமே அம்முணி. தங்கராசுக்குத் தெரியுமா, புள்ள விழுந்தது?” அவள் பிள்ளையின் பாவாடையை இழுத்து முழங்காலை மூடினாள். “சரி உடு, நான் சொல்லிக்கறேன். இதுல உம்மேல என்ன தப்பு.” நானே சொல்லிக்கறேங்க என்றாள் அவசரமாக. என்ன தப்பு என்று இவருக்கு எப்படித் தெரியும். இவர் பார்த்தது விரிசலை. சைக்கிள் விழாமல் நின்றதை இவர் பார்க்கவில்லை.

அவர் வேறு பிடி எடுத்து மாட்டி, கம்பியை முடுக்கி, இந்தா நீயே பாரு என்று தள்ளி நின்றார். வளர்மதி அமுக்கினாள். பலம் கொண்ட மட்டும் அமுக்கினாள். நின்றது. மறுபடி, மறுபடி, உள்ளங்கை சிவந்து எரிகிற வரைக்கும் அமுக்கினாள். ஒவ்வொரு முறையும் நின்றது, ஒவ்வொரு முறைக்கும் அடுத்த முறை ஒன்று இருந்தது. “போதும் அம்முணி, இனி யானைய ஏத்தினாலும் நிக்கும். ஏறு கண்ணு, நீ ஏறு” என்று ரத்தினசாமி ரித்திகாவைத் தூக்கிக் கேரியரில் வைக்கக் கையை நீட்டினார். பிள்ளை ஓரடி பின்னால் போனாள். அம்மாவைப் பார்த்தாள், சைக்கிளைப் பார்த்தாள், மறுபடி அம்மாவைப் பார்த்தாள்.

“தூக்கும்மா” என்றாள். “கால் வலிக்குது.”

நேற்றிலிருந்து முதல் முறையாக வலிக்கிறது என்று சொன்னாள். தள்ளிக்கொண்டு போகலாம், பக்கத்திலேயே நட கண்ணு என்று சொல்ல வாய் வந்தது. ஒரு கையால் சைக்கிள், ஒரு கையால் பிள்ளை. வளர்மதி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்க் கடைச் சுவரோரம் நிறுத்தினாள். ஸ்டாண்டு போட்டாள், பூட்டினாள், சாவியை ரத்தினசாமியின் கையில் கொடுத்தாள். “அவரு வந்து இறங்கினாருன்னா வண்டிய எடுத்துட்டு வரச் சொல்லுங்ணா.” எதுக்கு உட்டுட்டுப் போனான்னு கேட்டா என்ன சொல்லட்டும் என்றார் அவர். இதோ இந்த முக்கில்தான் இறங்குவான், இறங்கினதும் கண்ணில் படுவது இதுதான், அவள் வாயைத் திறப்பதற்கு முன்னால் எல்லாம் தெரிந்துவிடும், அப்புறம் சிரிப்பானோ என்ன செய்வானோ. “புள்ளையத் தூக்க ரெண்டு கையும் வேணுமாம்னு சொல்லுங்க” என்றாள்.

ரித்திகா கனத்தாள். இவ்வளவு கனத்துவிட்டாள் என்பது சைக்கிள் வந்ததிலிருந்து தெரியாமலே போயிருந்தது. தாடைச் சிராய்ப்பு கழுத்தில் சொரசொரவென்று உரசியது. ரோட்டைத் தாண்டி நெல் மில்லு சந்து வரைக்கும் பிள்ளை தோளுக்கு மேலாகப் பின்னால் பார்த்துக்கொண்டே வந்தாள்.

“அம்மா, வண்டி நம்மளையே பாக்குது.”

“பாக்கட்டும்” என்று வளர்மதி அவளை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.